உடைந்த குரலில் ஒரு பாட்காஸ்ட்

ஜூலை 8
வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்காக, தேவிப்ரியா மிஸ் ஒன்பதாம் வகுப்பில் பாட்காஸ்ட் ஆரம்பிக்கிறார். நாங்கள் பேச வேண்டும், அவர் போனில் பதிவு செய்து பெற்றோர் குரூப்பில் போடுவார். "எந்தப் பாட்டு மிஸ்?" என்று கேட்டேன். பீரியட் முடியும்வரை வெளியே நின்றேன்.

ஜூலை 17
குரல் உடைந்துவிட்டது. எலும்பு என்றால் மாவுக்கட்டு. இதற்கு எங்கே கட்டுவது? ஹெட்மாஸ்டர் மாதிரி ஆரம்பித்தால் ஆடு மாதிரி முடிகிறது. செழியன் பெஞ்சைத் தட்டிச் சிரிக்கிறான்.

ஆகஸ்ட் 11
பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் குப்பை அள்ளுகிறவர்களைப் பற்றிப் பேசினேன். குரல் ஒருவழியாக அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மிஸ் இரண்டு தடவை கேட்டார். "மாறா, இனிமே ஒவ்வொரு வாரமும் நீதான் ஆரம்பிக்கிற." நானா!

ஆகஸ்ட் 12
தங்கச்சி கவிநிலா அம்மாவின் போனில் அதை ஓடவிட்டாள். அம்மா கரண்டியோடு ஓடிவந்து வாசலைப் பார்த்தாள். அப்புறம் போனை. என்னை இல்லை.
அப்பா ஜனவரியில் பெங்களூர் போனவர் போனவர்தான். அங்கே வேறு குடும்பம். வீட்டில் அவர் பேரை எடுக்கக் கூடாது.
"அப்படியே அந்த ஆளு பேசறாப்பல கீது. நிறுத்து."
நானா போய்க் கேட்டு வாங்கினேன்? தானா வந்துச்சு.

ஆகஸ்ட் 14
வீட்டில் தலையாட்டல் மட்டும். சோறு — ஆமாம். குழம்பு — போதும்.

ஆகஸ்ட் 19
மிஸ்ஸிடம் தொண்டை வலி என்றேன். "நீ சொன்ன பொய்யிலயே இதுதான்டா மட்டம்" என்றார். செழியன் ஆரம்பித்தான். மைக்குக்கே தூக்கம் வந்திருக்கும்.

ஆகஸ்ட் 24
கவிநிலா கட்டிலுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு என் குப்பைப் பேச்சையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். இரண்டாம் வகுப்புக்கு மட்கும் குப்பைமேல் என்ன பாசம்? கேட்டேன்.
"அண்ணா, அடுத்ததுல 'நிலாக்குட்டி, தீபத்துக்கு வந்துடறேன்'னு சொல்லேன். சும்மாதான்." நிலாக்குட்டி என்று அவளைக் கூப்பிடுகிறவர் அப்பா மட்டும்தான்.
எத்தனை பேர எத்தனை குரல்ல ஏமாத்தியிருக்கேன். இது வரல. வாயத் திறந்தேன், மூடிட்டேன். மாட்டேன்னு சொன்னதும் அழுதா. சுண்டலுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 26
மிஸ்ஸிடம் தொண்டை சரியாகிவிட்டது என்றேன்.
சாயங்காலம் அம்மாவே போனை எடுத்தாள். கவிநிலாவை மடியில் வைத்துக்கொண்டு என் பேச்சை ஓடவிட்டாள். "வணக்கம், நான் மாறன்" என்று வந்ததும் நிறுத்தினாள்.
"கேட்டியா? அண்ணன்."
மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். கவிநிலா மடியை விட்டு இறங்கிப் போய்விட்டாள். அம்மா கடைசிவரை கேட்டாள்.