அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்

மார்ச் 4

அன்புள்ள கோபக்காரிக்கு,

நான்கு வருஷம் கழித்துக் கடிதம் வந்தால் யாரும் பயந்துதான் பிரிப்பார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் செய்திருக்கலாம். நீ "அப்புறம்" என்பாய், நான் "அப்புறம் ஒண்ணுமில்ல" என்பேன், அதோடு முடிந்துவிடும்.

எங்கள் கட்டிடத்தில் வேலை செய்கிற எல்லோரையும் போன வாரம் டாக்டர் பரிசோதித்தார். எனக்கு பிரஷர் நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதும் அதேதான். பன்னிரண்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவன் நான். பைப்பில் அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். என் உடம்புக்குள் ஏறியது எனக்குத் தெரியவில்லை, ஒரு தலைவலிகூட வரவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

விஷயம் அதுவல்ல. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். கை தானாக உன் பெயரை எழுதிவிட்டது. பக்கத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டிருக்கிறேன். பெயரை அடிக்கச் சொன்னால் அடித்துவிடுகிறேன்.

மோட்டார்காரன்

மார்ச் 11

அன்புள்ள மோட்டார்காரருக்கு,

பெயரை அடிக்க வேண்டாம். அதற்கு மேல் இப்போது எதுவும் கேட்காதீர்கள்.

நான் வேலை பார்ப்பது டயாலிசிஸ் வார்டில். இங்கே படுத்திருப்பவர்களில் பலர் "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள். அழுத்தம் சத்தம் போடாமல் சிறுநீரகத்தைத் தின்றுவிடும்.

உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். இதயம் மோட்டார். ரத்தக் குழாய் பைப், ஆனால் சுருங்கவும் விரியவும் தெரிந்த பைப். கழுத்துக் குழாயில் ஒரு மீட்டர் இருக்கிறது. நீங்கள் படுக்கையை விட்டு எழும்போது அழுத்தம் இறங்கினால் அது மூளைக்குச் சொல்லும். உடனே இதயம் வேகம் கூட்டும், குழாய்கள் இறுகும். உப்பையும் தண்ணீரையும் எவ்வளவு வைத்துக்கொள்வது என்று சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். இதில் எது எதனால் பிசகியது என்று பெரும்பாலானவர்களுக்கு ஒரே காரணமாகச் சொல்ல முடியாது. உங்கள் அப்பாவுக்கு இருந்தது. வயதும் தொப்பையும் சேர்ந்திருக்கும். தட்டின் ஓரத்தில் உப்பை வைத்துக்கொண்டு சாப்பிடுகிற பழக்கத்தை நான் பத்து வருஷம் கத்தியும் நீங்கள் விடவில்லை.

வாராவாரம் அளவை எழுதி அனுப்புங்கள்.

கோபக்காரி

ஏப்ரல் 15

அன்புள்ள கோபக்காரிக்கு,

உப்பு டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சந்தோஷம்தானே.

இன்னொரு நல்ல செய்தி. அளவு நூற்று இருபத்து நான்குக்கு எண்பது வரை இறங்கிவிட்டது. அதனால் இரண்டு வாரமாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன். தொட்டி நிறைந்தால் மோட்டாரை அணைப்பதுதானே முறை. அதன் பிறகு அளந்து பார்க்கவில்லை, பார்க்க என்ன இருக்கிறது.

மோட்டார்காரன்

ஏப்ரல் 20

உங்களுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று மனசு வரவில்லை.

மாத்திரை எந்தத் தொட்டியையும் நிரப்பவில்லை. ஏறப் பார்க்கிற அழுத்தத்தைத் தினமும் இறக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள். வருஷக்கணக்காக அழுத்தம் ஏறியே இருந்தால் கழுத்தில் இருக்கிற அந்த மீட்டரும் அதுதான் சரியான அளவு என்று பழகிவிடும். பிறகு அழுத்தத்தை இறக்கச் சொல்லி அது மூளையை எச்சரிக்காது. உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை.

நேற்று உங்கள் வயதுக்காரர் ஒருவரைச் சேர்த்தோம், மாத்திரையை நிறுத்தியதை வீட்டில் சொல்லாமல் இருந்தவர். அவர் மனைவி வாசலில் நின்று "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் டாக்டரைப் பாருங்கள்.

மே 2

அன்புள்ள கோபக்காரிக்கு,

கடிதம் வந்த மறுநாளே போனேன். நூற்று அறுபத்தாறுக்கு நூற்று நான்கு. டாக்டரும் உன்னைப் போலவே திட்டினார், ஆனால் உன் அளவுக்கு வரவில்லை. மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இன்று நூற்று நாற்பத்திரண்டுக்குத் தொண்ணூறு.

நீ எழுதிய அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. உனக்கு மாற்றல் வந்தபோது பஸ்ஸில் உன் பெட்டியை ஏற்றிவிட்டு "டிக்கெட் பத்திரம்" என்றேன். சொல்ல வந்தது அது இல்லை. போகாதே, இல்லை என்றால் நானும் வருகிறேன் என்று சொல்லத்தான் வந்தேன். பஸ் கிளம்பிய பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றேன். நீ திரும்பிப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது, நான் தலையைக் குனிந்திருந்தேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மோட்டார்காரன்

மே 8

அன்புள்ள மோட்டார்காரருக்கு,

திரும்பிப் பார்த்தேன். உங்கள் வழுக்கைதான் தெரிந்தது.

இந்தக் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். நாலு வருஷமாக என்னை வேண்டாம் என்று நினைத்துவிட்டீர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

படிவத்தை வாங்கி அந்தக் கட்டத்தில் 'மனைவி' என்று எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பத்து நாள் லீவு. பிறகு யார் எங்கே மாற்றல் கேட்பது என்று உட்கார்ந்து பேசுவோம். முதல் வேலையாக உங்கள் பிரஷரை நான் பார்க்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார வேண்டும்.

அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான் நீங்கள் பேசாமல் இருக்கலாம்.

உங்கள் கோபக்காரி