அண்ணன் பெயரில் எடுத்த ரத்தம்

அம்மன் துணை

பசியாவரம்
18.11.2024

அன்புத் தங்கை நிவேதாவுக்கு,

2022 ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் ரத்தம் எடுத்தபோது கடைசியில் இருந்தவர்கள்: நீங்கள், உங்களோடு வந்த லேப்காரர் பிரவீன், ஊர்த் தலைவர் தருமலிங்கம், நான், என் ஓரகத்தி மனோரமா, அவள் வீட்டுக்காரர் வேணு. என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் அங்கே இல்லை. அவர் பெயரில் நீங்கள் எடுத்தது அவர் தம்பி வேணுவின் ரத்தம்.

இதை எழுதுவதற்கு இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிவிட்டது. அம்மனிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் பாக்கி. போனில் சொன்னால் அழுகை வந்து பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு ஒரு ஆண் என்று சீட்டுக் குலுக்கினீர்கள். எங்கள் வீட்டுக்கு இவர் பெயர் வந்தது. அன்றைக்குப் பார்த்து ஏரியில் இவருடைய பாடு. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று இங்கேயும் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள், அதைத்தான் பாடு என்போம். அன்று இறங்காவிட்டால் அடுத்த முறைக்கு இருபது நாள். காய்ச்சல் தலைவலி என்றால் வீட்டிலிருந்து தம்பியோ மகனோ அண்ணன் பெயரைச் சொல்லி இறங்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். பெயர் வீட்டுக்கு உரியது, இறங்குகிற உடம்பு யாருடையதானாலும் சரி. அந்த வழக்கத்தையே உங்கள் சீட்டுக்கும் வைத்துக்கொண்டேன். வேணு சிப்பி கிழித்த காலோடு கரையில் இருந்தார். நான்தான் அனுப்பினேன்.

"அங்க போயி இன்னா சொல்லணும் அண்ணி?" என்று கேட்டார்.

"பேரக் கேட்டா உங்க அண்ணன் பேரச் சொல்லு."

"அவ்ளோதானே. வலைக்கும் அதான சொல்றேன்" என்று நொண்டிக்கொண்டே போனார்.

ஆறு மாதம் கழித்து, பொன்னுரங்கத்துக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று தாள் வந்தது. வீட்டில் யாரும் இவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் வேணுவைப் பார்த்தோம்.

ஆராய்ச்சியில் பெயர் இல்லாதவர்களுக்கு மாத்திரை தர உத்தரவில்லை என்று அக்கரைக்கு மாத்திரை வண்டியில் வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். அன்று முதல் வேணு தன் அண்ணன் பெயரிலேயே வண்டிக்குப் போய் மாத்திரை வாங்குகிறார். "அண்ணன் பேருல நான் சீக்காளி, என் பேருல சொகமா கீறேன்" என்று சிரிப்பார். மனோரமாவுக்கு அந்தச் சிரிப்பே பிடிக்காது.

நீங்கள் சொன்னபடி எல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறேன். வேணுவின் காலை எடை, கால் வீக்கம், குடித்த தண்ணீர், போன மூத்திரம். ஏறினால் சிறுநீரகம் கெடுகிறது என்று போனில் நீங்கள் சொன்ன கிரியாட்டினின் அளவு மூன்றும் இருக்கிறது: 1.9, 2.4, இந்த ஆகஸ்டில் 3.1. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னீர்கள். விடிவதற்கு முன் மார்பளவு உப்புத் தண்ணீரில் இறங்கி மதியம் ஏறுகிறவர் குடிதண்ணீரை எங்கே கட்டிக்கொண்டு போவார்? அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு சொம்பு என்றுதான் எழுதியிருக்கிறேன். பொய் எழுதவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து கைரேகை வைத்தால்தான் மாத்திரை என்கிறார்கள். வேணுவின் விரல் பொன்னுரங்கம் ஆகாதே. ஆகையால் கேட்கிறேன். அந்தக் கணக்கை அப்படியே வேணு பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். தப்பு என்னுடையது. அவர்கள் இருவரையும் எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா
பொ. லோகாம்பாள்


சென்னை
6.12.2024

அன்புள்ள லோகாம்பாள் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் இல்லை. அன்றைக்கு உங்கள் வீட்டில் சாப்பிட்ட நண்டுக் குழம்பு இன்னும் நினைவில் இருக்கிறது, அதனால் கோபப்பட வரவில்லை என்றும் சொல்லலாம்.

ஆனால் இதை நான் எனக்குள் வைத்துக்கொள்ள முடியாது அக்கா. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத உழைப்பாளிகளுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. ஒருவருடைய வயது, வேலை, எடை, பரம்பரை எல்லாவற்றையும் அவர் ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். எங்கள் பட்டியலில் உங்கள் வீட்டுக்கான வரியில் வயது பொன்னுரங்கம் அண்ணனுடையது, ரத்தம் வேணு அண்ணனுடையது. அது யாருடைய வரியும் இல்லை.

என் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். பெயர் மாற்ற விதியில் இடமில்லை, நீக்கத்தான் முடியும் என்றார். மாத்திரை இந்த வாரத்தோடு நிற்கும். இதை எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

வேணு அண்ணனைத் தாமதம் செய்யாமல் அவருடைய சொந்த ஆதாரோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முதலிலிருந்து எல்லாம் எடுப்பார்கள். 3.1 என்பது விளையாட்டு இல்லை. வலி மாத்திரை எதுவும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கருவாடு வேண்டாம்.

நீங்கள் உண்மையைச் சொன்னது நல்லதற்குத்தான் என்று நம்புங்கள்.

அன்புடன்,
நிவேதா


அம்மன் துணை

பசியாவரம்
20.2.2025

அன்புத் தங்கை நிவேதாவுக்கு அக்கா எழுதுவது.

நீங்கள் சொன்னபடி வேணுவைச் சொந்தப் பெயரில் கூட்டிப்போனோம். படகு, பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். கிரியாட்டினின் 7.8. டயாலிசிஸ் ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. வாரம் இரண்டு நாள். முதல் படகைப் பிடித்துப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் கரை ஏறுகிறார். மாத்திரை நின்ற நாளிலிருந்து அங்கே மருந்துச் சீட்டுக் கிடைத்த நாள் வரை முப்பத்தி நான்கு நாள் அவர் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. குறை சொல்லவில்லை, நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்கு. என் வீட்டுக்காரர் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் தருகிறேன் என்று எழுந்து நின்றுவிட்டார். வேணு முடியாது என்று இரண்டு நாள் அடம் பிடித்தார். இவர் அதற்கு, "என் பேர ரெண்டு வருசம் வச்சிருந்தியே, அப்ப கேட்டியாடா? இதையும் வச்சிக்கோ" என்றார். வேணு திண்டாடிப்போய், "பேரக் குடுத்தா உனக்கு ஒண்ணும் கொறையாது ணா, இது அப்பிடியா?" என்றார். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். மனோரமா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

இவருக்கு எல்லாப் பரிசோதனையும் ஆயிற்று. ரத்த வகை ஒன்று. கிரியாட்டினின் 0.9. பெரிய டாக்டர் கூட இந்த வயதில் நல்ல சிறுநீரகம் என்று சொன்னார். கடைசியாகக் கம்ப்யூட்டரில் பெயரைப் போட்டார்கள்.

பொன்னுரங்கம், பசியாவரம், இரண்டு வருஷமாகச் சிறுநீரக நோயாளி, மாத்திரையில் இருக்கிறார் என்று வந்தது. உங்கள் ஆராய்ச்சியிலிருந்து சர்க்கார் பட்டியலுக்குப் போனதாம்.

டாக்டர் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல எது பொய்மா? ரத்தமா, ஆளா?" என்று கேட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்புறேன். ஆனா உறுப்பு கொடுக்குற விஷயத்துல ஆள் மாறாட்டம்னு ஒரு சொல் இருந்தாலே அனுமதி கொடுக்குற கமிட்டி கையெழுத்துப் போடாது" என்றார். 2022இல் எடுத்த ரத்தம் பொன்னுரங்கத்தினுடையது இல்லை என்று ரத்தம் எடுத்த இடத்திலிருந்தே ஒரு தாள் வேண்டுமாம்.

ஒரே ஒரு தாள் நிவேதா. உங்களுக்கு அது பெரிய வேலை இல்லை என்று நினைத்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பூஜையில் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா லோகாம்பாள்


சென்னை
15.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். தாள் வாங்க என்னால் முடிந்ததைச் செய்தேன்.

எங்கள் பட்டியலிலிருந்து உங்கள் வீட்டுப் பதிவை டிசம்பரிலேயே நீக்கிவிட்டார்கள். நீக்கினால் பெயரையும் எண்ணையும் இணைக்கிற குறிப்பையும் அழிக்க வேண்டும், சேமித்து வைத்திருந்த ரத்தத்தையும் அழிக்க வேண்டும். பங்கேற்பவர்களின் பாதுகாப்புக்காக வைத்த விதி அது. அதனால் இன்று அலுவலகத்தில் கேட்டால், அப்படி ஒருவர் எங்கள் ஆய்விலேயே இல்லை என்கிறார்கள். இல்லாத ஒருவரின் ரத்தம் யாருடையது என்று எப்படிச் சான்று தருவது என்று கேட்கிறார்கள். அரசுப் பட்டியலில் இருப்பதைத் திருத்துவது எங்கள் வேலை இல்லை என்றும் சொல்கிறார்கள். மிச்சமிருப்பது நீக்கியதற்கான அறிக்கை ஒன்றுதான். பங்கேற்பாளர் ஏமாற்றியதால் நீக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உதவுமா என்று தெரியவில்லை.

எங்கள் கட்டுரை வெளியாகிவிட்டது. நூற்று அறுபத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்கு நோய் இருந்தது என்று வருகிறது. உங்கள் ஊர்ப் பெயர் அதில் இல்லை, 'ஏரிக் கிராமம் 4' என்று இருக்கும். இது பெரிய கவனத்தைப் பெறும், உங்கள் ஆட்களுக்குப் பின்னால் நல்லது நடக்கும் என்று சார் சொல்கிறார்.

என் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. வேறிடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வேணு அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நிவேதா


அம்மன் துணை

பசியாவரம்
2.6.2025

அன்புத் தங்கை நிவேதாவுக்கு,

உங்கள் வீட்டு விலாசத்தைப் பிரவீனிடம் கெஞ்சி வாங்கி எழுதுகிறேன். ஏப்ரலில் இரண்டு கடிதம் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்குப் போட்டேன். வந்து சேர்ந்திருக்காது என்று வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நகலை டாக்டரிடம் காட்டினோம். ஏமாற்றியதால் என்ற இடத்தில் விரலை வைத்துவிட்டு, இந்தத் தாளை மட்டும் கமிட்டிக்குக் காட்டிவிடாதீர்கள் என்றார். திரும்பி வரும்போது படகில் என் வீட்டுக்காரர் அந்த நகலை மடிப்பதும் விரிப்பதுமாக வந்தார். கரை ஏறும்போது, "நான் யாரைம்மா ஏமாத்துனேன்?" என்று மட்டும் கேட்டார். அவர் அன்று வலையில் இருந்தார்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த நகலில் இன்னொரு வரி இருக்கிறது. அடையாள அட்டை சரிபார்க்கப்பட்டது என்று டிக் போட்டு உங்கள் கையெழுத்து. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், தப்பாகப் படிக்கவில்லை. அன்று நீங்கள் அட்டை கேட்கவில்லை நிவேதா. முப்பது பேருக்கு எடுத்துக் களைத்திருந்தீர்கள், வெயில், கடைசிப் படகு போய்விடும் என்ற பயம் வேறு. கேட்டிருந்தால் வேணு தன் அட்டையைத்தான் நீட்டியிருப்பார், அப்போதே திரும்பிப் போ என்று சொல்லியிருப்பீர்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கமிட்டியிலும் சொல்ல மாட்டேன். அம்மன் மேல் ஆணை.

ஊர்த் தலைவர் தருமலிங்கத்தை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ச் சாட்சி சொல்ல வைத்தோம். ஊர்க்காரர், உறவு முறை, செல்லாது என்றார்கள். பிரவீனோ, நான் டப்பாவில் எண் எழுதிக்கொண்டிருந்தேன், முகம் பார்க்கவில்லை என்கிறார். மிச்சம் நீங்கள் ஒருவர்தான். வேணு ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பினார், நீங்கள் தாடையைப் பிடித்துத் திருப்பி, சின்னப் பிள்ளையா நீங்கள் என்று கேட்டீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.

வேணு இப்போது நாற்பத்தி நான்கு கிலோ. போன வாரம் டயாலிசிஸில் மயங்கி விழுந்தார். இனிமேல் போகவில்லை, அண்ணனை அலைய விடாதே என்று மனோரமாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் வந்து, "நீ படிச்சவதானே, எதுனா எழுதுக்கா" என்கிறாள். நான் பள்ளிக்கூடம் போனதில்லை, பால்வாடிச் சுவரைப் பார்த்து எழுத்துக் கற்றவள் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் அப்படிச் சொல்கிறாள்.

கமிட்டி கூடுவது இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி. அதற்கப்புறம் மூன்று மாதம் கழித்துத்தான் என்கிறார்கள். அவ்வளவு நாள் வேணு தாங்குவார் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் நேரில் வந்து, அன்று என் எதிரில் உட்கார்ந்தவர் இவர்தான் என்று வேணுவைக் காட்டிச் சொன்னால் போதும் என்று டாக்டர் சொல்கிறார். அப்படிச் சொன்னால் அந்த டிக் யாருடையது என்ற கேள்வி உங்களிடம் வரும். புது வேலை, அதற்கு ஏதாவது ஆகும் என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. புரிந்தும் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

வருவீர்களா, மாட்டீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள். வர முடியாது என்றாலும் எழுதுங்கள். பத்தொன்பதாம் தேதிக்குள் கிடைக்கும்படி சீக்கிரம் பதில் போடுங்கள்.

லோகாம்பாள்