கண்ணாடியில் ஒரு நெற்றி

மார்ச் 4, செவ்வாய்

மியூசியக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த நல்ல படங்களையெல்லாம் பொறுக்கியெடுத்துப் பெரிய கூடத்தில் மாட்டிவிட்டார்கள். மாதக் கடைசி வரை கண்காட்சி. கதவு திறக்கும் முன் படக் கண்ணாடிகளைத் துடைப்பது என் வேலை. துடைத்துக்கொண்டே புது ஆட்களிடம் வம்பிழுத்தேன். ஒரு படத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற தொப்பைக்காரப் பிரபுவிடம், "மூச்சை விடுங்க மாமா, யாரும் பார்க்கல" என்றேன். காவலுக்கு நிற்கும் மீசைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசிச் சுவரில் ஒரு பெண். பதினாறு வயது இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் தலை வாருகிறாள். அவளிடம் எதுவும் பேசவில்லை. முகத்தைப் பார்க்காமல் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 7

அவள் கண்ணாடியில் மட்டும் ஒரு பிசுக்கு. யாரோ நெற்றியை அழுத்தி வைத்த மாதிரி. நேற்றும் இருந்தது.

"பேய்தான் தாயே" என்றார் மீசைக்காரர்.

"பேய்க்கு எப்பய்யா வேர்த்துச்சு?"

மார்ச் 11

துடைத்த துணியை முகர்ந்து பார்த்தேன். தலைவலித் தைலம்! தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் புரிந்தது. தினமும் ராத்திரி என் வீட்டுக்காரர் நெற்றியில் தேய்த்துவிடுகிற கை, வாசனை என் கையிலேயே இருக்கும்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "எங்க கூடத்துல ஒரு பேய் வருதுங்க. பாவம், அதுக்கும் உங்களை மாதிரி தலைவலி."

சிரிக்கவில்லை. நாள் முழுக்கப் பூட்டு ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து, வாயையும் பூட்டிக்கொள்கிற மனுஷன். மகள் செத்ததிலிருந்து இப்படித்தான். அவள் பேரை நான் எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் நானும் —

வேண்டாம். மழை பெய்கிறது. துணி காயவில்லை.

மார்ச் 12

இன்றும் பிசுக்கு. துடைத்தேன்.

மார்ச் 18

இன்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். எங்கள் மகள் இல்லை. மூக்கு வேறு, தாடை வேறு. ஆனால் அந்த இடது கை... சிக்கெடுக்கும்போது உதட்டை மடக்குகிறாளே, அதை யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? வலிக்குதும்மா, நீயே எடுத்துவிடுன்னு இப்பக் கூப்பிடப் போறா, இப்பக் கூப்பிடப் போறான்னு இருந்துச்சு. வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடியே வந்துட்டேன். தண்ணி பூரா தரையில.

மார்ச் 21

மீசைக்காரருக்கு இந்த வாரம் மதிய முறை. காலையில் எனக்காகவே வந்து காத்திருந்தார்.

"உன் பேயைப் பார்த்துட்டேன் தாயே. நீ வீட்டுக்குப் போனப்புறம் வருது. டிக்கெட் வாங்கிட்டுத்தான் வருது, நல்ல பேய். இடுப்புல பெரிய சாவிக்கொத்து. கண்ணாடியில நெத்தியை வச்சுக்கிட்டு நிக்குது. தொடக்கூடாதுன்னு சொல்லத்தான் போனேன். வாய் வரல."

சாவிக்கொத்து.

"ஏதாவது பேசிச்சா?"

"ஒரே ஒரு பேரு. திரும்பத் திரும்ப."

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை.

அவர் வச்சுட்டுப் போனதை நான் தினமும் காலையில துடைச்சிருக்கேன். சோப்புத் தண்ணி போட்டுத் துடைச்சிருக்கேன்.

மார்ச் 22

ராத்திரி தைலம் தேய்த்துவிட்டேன். கொஞ்சம் கூடவே.

மார்ச் 30, ஞாயிறு

கண்காட்சி இன்றோடு சரி. எனக்கு விடுமுறை. நல்லதாக உடுத்திக்கொண்டு இவர் கடை வாசலில் போய் நின்றேன்.

"எங்க கிளம்பிட்டே?"

"படம் பார்க்க. ரெண்டு டிக்கெட் வாங்கிட்டேன். ஒண்ணு பேய்க்கு."

கையில் இருந்த சாவியை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தார். அப்புறம் எழுந்து ஷட்டரை இழுத்துவிட்டார்.

வழியெல்லாம் பேசவில்லை. அங்கே பேசினார். நானும் பேசினேன்.

மார்ச் 31

படங்களைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறார்கள். பிரபுவுக்குப் பளபளவென்று துடைத்து விடை கொடுத்தேன். கடைசிச் சுவர்க் கண்ணாடியில் இரண்டு நெற்றி. ஒன்று சற்றுத் தாழ.

"இது துடைக்கலையா?" என்று கண்காட்சிப் பொறுப்பாளர் மேடம் கேட்டார்.

"துடைச்சாச்சு மேடம்" என்றேன்.

பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள்.