கரட்டூர் நீர்த்திரிகை களவுபோன வழக்கில் விடுத்த ஓலை

மலை மூன்றும் ஆறு ஒன்றும் தம் குடைக்கீழ் நிற்கக் குளிரிநாடு புரந்தருளும் பெருங்கோமகள் எழினிமாதேவியார் திருவாய்மொழிந்தபடி, ஓலைநாயகம் குமணன் எழுதுவது. கரட்டூர்ச் சீமைக்கு மழையும், குடிகளுக்கு விளைவும், அவர்களுக்கு அதிகாரியாய் வாய்த்த கொற்றங்கொண்டான் மாறப்பருக்கு நல்ல நினைவாற்றலும் உண்டாகுக.

நினைவாற்றலை வாழ்த்தில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஓடைக்கரைப் பொதுநிலத்தில், வாய்க்கால் நீர் சுழற்றும் சக்கரத்தால் மாவரைத்துவந்த நீர்த்திரிகை என்னவாயிற்று என்று அரண்மனை வினவியதற்கு நீர் மூன்று ஓலை விடுத்தீர். பங்குனி வெள்ளம் அடித்துச் சென்றது என்றது முதலோலை. பங்குனியில் அந்த ஓடையில் ஒரு காக்கை குளிக்கவும் நீர் போதாது. திரிகைக்காரி சடைச்சியே திருடிவிட்டாள், சிறையிலிட்டோம், வரும் பௌர்ணமியன்று நாடுகடத்துவோம் என்றது இரண்டாமோலை. அப்படியொரு திரிகை எக்காலத்தும் இருந்ததில்லை என்றது மூன்றாமோலை. இல்லாததைத் திருடியதற்காக ஒருத்தி சிறையிருப்பது இந்நாட்டில் இதுவே முதன்முறை. அப்பெருமை உம்மையே சேரும்.

இருந்ததில்லை என்ற அத்திரிகையின் வரலாறு இது. அரசியாரின் பாட்டனார் காலத்தில் மூன்று ஊரார் கூடி, நாற்பது எருது பூட்டி, மலையிலிருந்து கல்லை இழுத்துவந்து அமைத்தது. காப்பது சடைச்சியின் குடி. அரைக்கும் கூடைக்கு ஒரு பிடி மாவு அவர்களுக்கு. எவர் கூடையாயினும் வந்த முறைப்படியே நிற்கும். அரசியார் இளமையில் கரட்டூரில் தங்கிய நாளில் அரண்மனைக் கூடை பதினோராவதாக நின்றது. அதனால் அரசகுலத்துக்கு ஒரு குறையும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

தை மாதம் உம் மகள் மணத்துப் பணியாரத்துக்கென உம் ஏவலர் இருபது கூடை அரிசியை எல்லார் கூடைக்கும் முன்னே கொண்டுவைத்தனர். சடைச்சி இருபதையும் தூக்கிப் பின்னே வைத்தாள்.

“அதிகாரி வீட்டு அரிசின்னு கல்லு வேகமா சுத்தாதுப்பா. போய் நில்லு. கல்யாணத்துக்கு இன்னும் நாளிருக்குல்ல?” என்றாள் அவள்.

எட்டாம் நாள் வாய்க்கால் வறண்டது. எங்கோ அடைப்பு என்றெண்ணி அவள் மண்வெட்டியோடு மேலே நடந்தாள். நடந்து நடந்து உமது தாமரைக்குளத்துக் கரையில் போய் நின்றாள். நீர் அங்கே இருந்தது. திரும்பி வருவதற்குள் சக்கரமும் இல்லை, கல்லும் இல்லை. அவளைப் பிடிக்க ஆட்கள் மட்டும் இருந்தனர்.

விசாரிக்க வந்த ஓலைநாயகத்துக்கு நீர் அக்குளக்கரையிலேயே, பெரிய குடை நிழலில், விருந்து படைத்தீர். குடைக்காம்பு ஊன்றியிருந்தது ஒரு வட்டக்கல்லின் நடுத்துளையில். அதன் கொத்துவரிகளில் மாவு இன்னும் ஒட்டியிருந்தது. அலங்காரக் கல் என்றீர். மூன்றாம் கவளத்தோடு அவர் இலையை மூடி எழுந்தார்.

அங்கிருந்து அவர் சிறைக்கு வந்து உமது மூன்று ஓலைகளையும் படித்துக்காட்டியபோது சடைச்சி எழுந்து நிற்கவுமில்லை, அழவுமில்லை.

“நான் திருடியிருந்தா திரிகை இருந்திருக்கணும். இல்லவே இல்லைன்னா என்னை எதுக்குய்யா அதிகாரி உள்ள வச்சிருக்காரு? ரெண்டுல எதுன்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் மூணு ஊரும் கைத்திரிகையில அரைக்குது. கையெல்லாம் கொப்புளம்னு சோறு கொண்டார்றவ சொன்னா” என்றாள்.

இதைக் கேட்ட அரசியார் உண்ணாமல் எழுந்தருளி இட்ட ஆணையாவது: வாய்க்காலை இன்றே பழைய வழிக்குத் திருப்புக. குடையைப் பிடுங்கிக் கல்லைப் பொதுநிலத்துக்கு உருட்டுக. புதுச் சக்கரத்துக்கு உமது மாளிகையின் தேக்குக் கதவுகளை எடுத்துக்கொள்க. சடைச்சியை நாடுகடத்தும் ஆணை கிழிக்கப்பட்டது. இவ்வோலை வாசித்த நாழிகையே அவளை விடுவிக்க. ஆயினும் களவு வழக்கைத் தள்ள வேண்டா. களவு நடந்தது மெய். குற்றச்சாட்டும் நன்றாகவே எழுதப்பட்டுள்ளது. அதில் பெயரை மட்டும் மாற்றுக. எவர் பெயரை என்பது உமக்குத் தெரியும். தெரியாதாயின் ஓலை கொணர்ந்த வீரர் நால்வர் சொல்லுவர்.

சடைச்சி வெளியேறியதும் நீர் உள்ளே செல்க. கதவை அவள் சாத்துவாள்.

இது மும்மலை முத்திரை பதித்த ஆணை. மறுமொழி ஓலை வேண்டா. நீர் எழுதியது போதும்.