ஆட்டிக்கொண்டே இருங்கோ அண்ணை

1987 ஜனவரி 5, திங்கள்
இன்றும் மைனஸ் பன்னிரண்டு. சைக்கிளில் மரத் தளபாடத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். மத்தியானம் மேற்பார்வையாளர் ஹென்னிங் என்னையும் இரத்தினசிங்கம் அண்ணையையும் கூப்பிட்டான். கதிரைக்கு ஓடர் குறைவாம். மாசி முடிய எங்கள் இருவரில் ஒருவரைத்தான் வைத்திருப்பானாம்.

நாங்கள் டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேரின் மனைவிமாரும் யாழ்ப்பாணத்தில். அவர்களை இங்கே கூப்பிட இரண்டு பேரும் போட்ட விண்ணப்பம் கோபன்ஹேகனில். விசா வரும்வரை என் எமிலியாவைக் கொழும்பில் அறை எடுத்து இருத்தவேண்டும். அதற்கு இந்த வேலை வேண்டும். அண்ணைக்கும் செல்வமலர் அக்காவுக்காக அதேதான் வேண்டும்.

சாப்பிடும்போது இருவரும் பருப்பில் உப்புக் குறைவு என்பதைப் பற்றிக் கதைத்தோம்.

ஜனவரி 10, சனி
ஹென்னிங் எங்களை ட்ரவுட் மீன் குளத்துக்குக் கூட்டிப்போனான். வேறு நான்கு டெனிஷ்காரரும் வந்தார்கள். வளர்ப்பு மீனை வாங்கிக் குளத்தில் விட்டு, பிறகு தூண்டில் போட்டுப் பிடிக்கிறார்கள். பனிக்கட்டி ஒரு சாண் தடிப்பு. துளை போட்டு மூன்று மணித்தியாலம் இருந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் படவில்லை. குளிரில் அவை வாய் திறக்காதாம்.

திரும்பும்போது ஹென்னிங் சொன்னான்: “நீ மீன்பிடிகாரன், அவன் வாத்தியார். அடுத்த சனிக்கிழமை எவன் முதலில் ட்ரவுட் பிடிக்கிறானோ அவனை வைத்திருக்கிறேன்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணை என் பக்கம் குனிந்து, “பகிடிதானே தம்பி?” என்று கேட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு
பூசை முடிய நான் மட்டும் குளத்துக்குப் போனேன். அண்ணையிடம் கடிதம் போடப் போகிறேன் என்றேன்.

பனிக்கட்டியில் குப்புறப் படுத்து, தலையைக் கோட்டால் மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்தேன். கண் பழகியதும் தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் முட்டாள்கள். மீன் அடியில் இல்லை. பனிக்கட்டிக்குக் கீழே ஒரு முழத்தில், நாணல் ஓரமாக வருகிறது. இரைக்குக் கிட்ட வந்து நின்று பார்க்கிறது. நான் கையை ஆட்டினால் திரும்பிப் போகிறது. ஈயக்குண்டைக் கழற்றிவிட்டு, மெல்லிய தங்கூசி நூலில் கட்டிய முள்ளில் ஒரே ஒரு புழுவைக் கோர்த்து, அசையாமல் விட்டேன். வந்து நின்றது. ஒரு விரல் அளவு தூக்கி, தானாக இறங்க விட்டேன். இறங்கும்போதுதான் கவ்வியது.

குருநகரில் அப்பாவோடு எத்தனை வருடம் கடலுக்குப் போனேன். மீனின் முகத்தை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்
அண்ணைக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 16, வெள்ளி
அண்ணை கேட்டார். கேட்டேவிட்டார். “தம்பி, நீ கடல் ஆள். எனக்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர ஒண்டும் தெரியாது. எப்பிடி அதைக் கடிக்க வைக்கிறது?”

என் வாய் தானாகச் சொன்னது. “தங்கூசியை அடிவரைக்கும் விடுங்கோ. பெரிய ஈயமாப் போடுங்கோ. விடாமல் ஆட்டிக்கொண்டே இருங்கோ அண்ணை. கிளவுஸ் போட்டால் கடிக்கிறது தெரியாது. வெறுங்கையாலை பிடியுங்கோ.”

அவர் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில், கரும்பலகையில் எழுதுவது மாதிரி வடிவான எழுத்தில், ஒன்று இரண்டு என்று இலக்கமிட்டு எழுதிக்கொண்டார். “பெரிய உதவி ஸ்ரனிஸ்லாஸ்” என்றார்.

ஏன் கிளவுஸைப் பற்றிச் சொன்னேன்? ஆட்டச் சொன்னதே போதுமே. அதை ஏன் சொன்னேன்?

ஜனவரி 17, சனி
நாற்பது நிமிடத்தில் பிடித்தேன். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். ஹென்னிங் என் முதுகில் அடித்துக் கோப்பி ஊற்றித் தந்தான்.

அண்ணை எழும்பவில்லை. “நீ போய்க் காருக்குள்ளை இரு. நானும் ஒண்டு பிடிச்சிட்டு வாறன்.” ஈரத் தங்கூசி வெறும் விரலில் சுற்றியிருந்தது. ஆட்டிக்கொண்டே இருந்தார். காற்று வேறு. இன்னும் இரண்டு மணித்தியாலம்.

அவருடைய விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெளுத்ததை நான் கண்டேன். கார்க் கண்ணாடி வழியாகக் கண்டேன். இறங்கிப் போய் “காணும் அண்ணை” என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

வீட்டில் மீனை அவர்தான் குழம்பு வைத்தார். இடது கையால்.

பெப்ரவரி 19, வியாழன்
அண்ணையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் குளிரில் கறுத்த மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். வலது கை. ஆஸ்பத்திரியில் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். “உனக்கு வேலை கிடைச்சது சந்தோசம்” என்றார்.

ஹென்னிங் சொன்னான்: “அந்தக் கையோடு மரம் அறுக்கிற வாள் மிசினில் அவன் நிற்க ஏலாது. மீன் சரியாகத்தான் தெரிவு செய்திருக்கிறது.”

ஏப்ரல் 26
எமிலியா கொழும்புக்கு வந்துவிட்டாள். வெள்ளவத்தையில் ஜன்னல் உள்ள அறையாம். செல்வமலர் அக்காவை இப்போதைக்கு ஊரிலேயே நிற்கச் சொல்லி அண்ணை எழுதியிருக்கிறார். எழுதியது நான். அவர் சொல்லச் சொல்ல. அவருக்கு இன்னும் பேனை பிடிபடவில்லை.

நவம்பர் 9
செல்வமலர் அக்கா இல்லை. ஐப்பசி மாதத்துச் சண்டையில். ஷெல். வீட்டுக்குள்ளேயே இருந்தவவாம். அவவின் தம்பிக்காரனின் கடிதம் மூன்று கிழமை சுற்றி வந்திருக்கிறது.

அண்ணை கதிரையில் இருக்கிறார். கத்தவில்லை. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தரவா எண்டு கேக்கிறார். என்னட்டைக் கேக்கிறார். ஐயோ, என்னட்டை ஏன் கேக்கிறார்? அவவும் கொழும்பிலை நிண்டிருக்கலாம். அவவும் நிண்டிருக்கலாம்.

1988 ஒக்டோபர் 2
எமிலியாவின் விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. எங்கள் ஆட்களில் யாருக்கும் இல்லை. கோபன்ஹேகனில் அமைச்சுக்காரர் எங்கள் கோப்புகளைத் தொடாமல் வைத்திருக்கிறார்களாம். அண்ணை எனக்காக டெனிஷில் இன்னொரு கடிதம் எழுதினார். இப்போது அந்தக் கையால் எழுதப் பழகிவிட்டார்.

1989 ஜூன் 18, ஞாயிறு
அதைப் பற்றிப் பத்திரிகைகள் எல்லாம் எழுதிய பிறகு கோப்புகள் அசைந்தன. இன்று எமிலியா வந்தாள். கோபன்ஹேகன் காஸ்ட்ரப் விமான நிலையத்துக்கு அண்ணையும் வந்தார். பூங்கொத்து அவருடைய யோசனை. எனக்கு அது தோன்றவே இல்லை.

“வாங்கோ தங்கச்சி” என்றார். ரெயிலில் எமிலியா அவருடைய கையைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள். “என்ரை மடைத்தனம். தம்பி காருக்குள்ளை போகச் சொன்னது, நான்தான் கேக்கேல்லை” என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் ஞாபகம்.

எங்களுக்கு இடம் விட்டு, கிழமை முடிவில் அவர் மேல் மாடி அறைக்கு மாறுகிறார்.

செப்டம்பர் 24
போன கிழமை எமிலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

நெடுநேரம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அவருக்கும் சொல்லப்போறியளோ?”

“ஓம்.”

“சொன்னால் உங்களுக்கு நித்திரை வரும். அவருக்கு? அவருக்கு எண்டு மிஞ்சியிருக்கிற ஒரு சகோதரம் நீங்கள்தான். அதையும் பறிச்சுப்போடாதேங்கோ.”

அதற்குப் பிறகு அவள் என்னை “இஞ்சேருங்கோ” என்று கூப்பிடுவதில்லை. வேண்டியதை மட்டும் சொல்கிறாள்.

1990 ஜனவரி 21, ஞாயிறு
வழக்கம்போல அண்ணை சாப்பிட வந்தார். எமிலியாவுக்கு ஐந்து மாதம். பிள்ளைக்கு அவர்தான் பெயர் வைக்கவேண்டும் என்று அவள் கேட்டாள். என்னோடு அதைக் கதைக்கவில்லை.

அண்ணை கூச்சப்பட்டார். பிறகு சோற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “பொம்பிளைப் பிள்ளை எண்டால்… செல்வமலர் எண்டு வைக்கலாமோ?”

“ஓம் அண்ணை” என்றாள் எமிலியா. யோசிக்கவே இல்லை.

அவர் போன பிறகு குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். முதுகு காட்டியபடியே சொன்னாள்: “அந்தப் பேரை இப்பவே கூப்பிட்டுப் பழகுங்கோ.”