தோழனும் விளக்கும்

கனகம்மாசத்திரம்
4.5.2025

அன்புள்ள பாவாவுக்கு,

தணிகைமணி எழுதுவது. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. ரயில்வே கேட்டில் வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். அதற்காக நாள் முழுக்கவா மணவூரில் ரயில் வந்துகொண்டிருக்கிறது? அதனால்தான் கடிதம். தபால்காரர் கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆகவேண்டும்.

எனக்குக் கல்யாணம். பெண் பெயர் புவனா, அம்மையார்குப்பம். ஜூன் எட்டாம் தேதி திருத்தணி மலைமேல் முகூர்த்தம்.

மாப்பிள்ளைத் தோழன் யார் என்பதுதான் இப்போது வீட்டில் பெரிய பேச்சு. அக்கா புருஷன் இருக்கும்போது வேறு யார் என்று கேட்டேன். நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அக்காவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, "உன் வீட்டுக்கு அனுப்பாம இருந்தா என் பொண்ணு உயிரோட இருந்திருப்பா"ன்னு ஊர் முன்னால் அவர் சொன்னதை நானும் மறக்கவில்லை. டெங்கு வந்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஆனால் இது என் கல்யாணம். தோழனுக்கு அப்படி என்ன பெரிய வேலை? குடை பிடிக்கவேண்டும், பக்கத்தில் உட்காரவேண்டும், போட்டோவுக்குச் சிரிக்கவேண்டும். இதைக்கூட எனக்காகச் செய்யமாட்டீர்களா?

உங்கள் மச்சான்,
தணிகைமணி

மணவூர்
11.5.2025

அன்புள்ள மணிக்கு,

உன் கடிதத்தைக் கேட் அறையிலேயே நின்றபடி படித்தேன். எங்கள் கல்யாணத்தில் என் மடியிலேயே தூங்கிப்போன பயலுக்குக் கல்யாணமா! சந்தோஷத்தில் எதிரே நின்ற லாரிக்காரர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஆனால் தோழன் வேலையை நீ போட்டோ வேலை என்று நினைத்துவிட்டாய். கையில் காப்புக் கட்டிவிட்டால் நீ வெறும் மணி இல்லை. அதை அவிழ்க்கும்வரை உன்னிடத்தில் சாமி வந்து உட்கார்ந்திருப்பதாக நம் வீடுகளில் நம்பிக்கை. காப்புக் கட்டியவனைத் தனியே விடக்கூடாது. தூங்கினால் பக்கத்தில் படுக்கவேண்டும், கிணற்றடிக்குப் போனாலும் கூடப் போகவேண்டும். ஒரு சாதாரண மனுஷனை நம்பி ஒரு சாமியை ஒப்படைக்கிறார்கள். நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

அத்தோடு முடியவில்லை. தோழன் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால், அவன் மனைவி பின்னால் விளக்குப் பிடித்து நிற்கவேண்டும். தாலியில் நீ இரண்டு முடிச்சுப் போட்டபின் மூன்றாவதை நாத்தனார் என்கிற உரிமையில் அவள் போடவேண்டும். தோழனும் விளக்கும் ஒரே வீட்டிலிருந்து வருவதுதான் நம் வழக்கம். என் வீட்டில் விளக்கு இருக்கிறது. பிடிக்கத்தான் ஆள் இல்லை.

அதனால் நான் வரவில்லை. மாமா சொன்ன வார்த்தைக்காக இல்லை என்று எழுத ஆசைதான். பொய் எழுத வரவில்லை மணி. இன்னும் வலிக்கிறது.

உன் அக்கா கல்பனாவுக்குச் சீராகக் கொடுத்த பித்தளைக் கைவிளக்கை இங்கிருந்து வந்து உங்கள் நிலத்தில் வேலை பார்க்கும் கந்தன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். யார் உன் பின்னால் நின்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

ஆசியுடன்,
பரசுராமன்

கனகம்மாசத்திரம்
25.5.2025

பாவாவுக்கு,

விளக்கு வந்து சேர்ந்தது. கந்தன் அண்ணன் பையிலிருந்து எடுத்ததும் கூடமே பளிச்சென்று ஆகிவிட்டது. நைனா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருப்பா இத தேய்க்கறது?" என்று கேட்டார்.

"அவருதாங்க. வாராவாரம் புளி போட்டு தேச்சிகினு இருக்காரு. வேற யாரையும் தொட வுடமாட்டாரு" என்றார் கந்தன் அண்ணன்.

நைனா விளக்கைக் கொண்டுபோய்த் தன் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அம்மா பூஜை அறையில் வைக்கலாம் என்று எடுக்கப் போனதற்கு அவள் மேல் எரிந்து விழுந்தார்.

எல்லாம் முடிவாகிவிட்டது. பெரியப்பா மகள் சுஜாதா அக்கா விளக்குப் பிடிக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஜெகநாதன்தான் தோழன். நல்ல மனுஷர். சாமியைக் காவல் காப்பதற்கு இப்போதே கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டார்.

எனக்கு நைனா மேலும் கோபம், உங்கள் மேலும் கோபம். தோழனாக வேண்டாம், கூட்டத்தில் ஒரு ஓரமாகவாவது வந்து நில்லுங்கள். வராவிட்டால் அக்காவோடு நீங்களும் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இனி எழுதமாட்டேன்.

மணி

அம்மையார்குப்பம்
13.6.2025

என் அன்புப் பாவாவுக்கு,

எழுதமாட்டேன் என்று சொன்னவன் மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். இப்போது நீங்கள் போனை எடுக்கிறீர்கள், ஆனால் "பாவா" என்றதுமே சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து நைனாவைக் காணோம். மலையடிவாரம், குளக்கரை, சத்திரம் என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். அவர் தலைமாட்டில் வைத்திருந்த விளக்கும் இல்லை. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. சுஜாதா அக்கா கையில் வேறு விளக்கைக் கொடுத்தார்கள். எனக்குக் கோபத்தில் கண்ணே தெரியவில்லை. பெற்ற பிள்ளை தாலி கட்டும்போது எங்கே போய்த் தொலைந்தார் இந்த மனுஷர் என்றுதான் இருந்தது.

கெட்டிமேளம் கொட்டியதும் குனிந்து முதல் முடிச்சுப் போட்டேன். இரண்டாவதும் போட்டேன். கையை எடுத்தபோது என் தோளைத் தாண்டி ஒரு கை வந்தது. வளையல் இல்லை. நீலச் சட்டையின் முழுக்கை. கேட் கைப்பிடி சுற்றிக் காய்த்துப்போன விரல்கள்.

பாவா, அந்த நொடியில் மேளச் சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை. ஐயர் மட்டும் தயங்கி, "நாத்தனார் இல்லையோ முடிச்சுப் போடணும்?" என்றார்.

"எம் பொண்ணு எடத்துல அவரு நிக்கறாரு. நீங்க மந்திரத்த சொல்லுங்க சாமி" என்றது நைனாவின் குரல். திரும்பிப் பார்த்தேன். நீங்கள் முடிச்சுப் போடுவதற்காக, அக்காவின் விளக்கை உங்களுக்குப் பதிலாக அவர் ஏந்திக்கொண்டு நின்றார். ஊரையே அதட்டும் மனுஷர், சுடர் அணைந்துவிடக்கூடாதே என்று ஒரு கையால் மறைத்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கி நின்றார். ஜெகநாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சுஜாதா அக்கா தன் கை விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். வெளியே காவடிக்காரர்கள் போட்ட அரோகரா அப்போதுதான் எனக்குக் கேட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அவரு மெதுவாத்தான் போட்டாரு. ஆனா முடிச்சு இறுக்கமா வுழுந்துச்சு" என்கிறாள் புவனா.

நைனா உங்களை எப்படி அழைத்துவந்தார்? கேட்டால், "போனேன், வந்தான்" என்பதோடு சரி. நீங்களாவது எழுதுங்கள்.

உங்கள்,
மணி

மணவூர்
19.6.2025

அன்புள்ள மணிக்கும் புவனாவுக்கும்,

அன்று இராப்பணி முடியும் நேரம். கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் பால் வண்டிக்காரர்களுக்கு நடுவே பட்டு வேட்டியில் மாமா, கையில் ஒரு மஞ்சப்பை. ரயில் போனபின் கேட்டைத் தூக்கினேன். எல்லா வண்டிகளும் கடந்துபோயின. அவர் மட்டும் தாண்டவில்லை.

"வாங்க மாமா" என்றேன்.

"நீ கூப்புடுவியான்னு பாத்துகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தண்டவாளத்தைக் கடந்தார். விளக்கை என் கையில் வைத்தார்.

"தோழனா வரச் சொல்ல வரல மாப்ள. அவ நிக்கவேண்டிய எடத்துல வேற யாரையும் நிக்கவைக்க எனக்கு மனசு ஒப்பல. நீ வந்து நில்லு."

"ஆம்பள புடிக்கற வெளக்கா மாமா அது?"

"இத்தினி நாளா அத தேச்சி வச்சிகினு இருந்தது யாரு? அன்னிக்கி என் வாயில வந்தது வார்த்தையே இல்ல மாப்ள. வாடா, நேரமாவுது."

மாப்பிள்ளை என்று மட்டுமே கூப்பிட்டவர் என்னை முதல்தடவையாக வாடா என்றார். மணி, அவ்வளவு பெரிய மனுஷர் என் முன்னால் அப்படி நின்றதைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். அடுத்த ஆள் வந்ததும் சட்டைகூட மாற்றாமல் கிளம்பிவிட்டேன். அந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டபோது என் விரல் எனக்குச் சொந்தமாக இல்லை. அவள்தான் போட்டாள்.

அவசரத்தில் விளக்கை அங்கேயே விட்டுவந்தேன். கேட்டதற்கு, "அனுப்பமாட்டேன், வேணும்னா வந்து எடுத்துகினு போ" என்கிறார் மாமா. ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன். அன்றைக்கும் எடுத்துவர மறந்துவிடுவேன் என்று அவரிடம் இப்போதே சொல்லிவை.

உங்கள் பாவா,
பரசுராமன்