கோரல் பியூட்டியும் சிவகாமியின் பவளமும்

12.3.94, சனி

காலை முழுவதும் மழை. தொட்டி நீரின் வெப்பம் 27, உப்பளவு சரி.

இன்றைய பணி: பவளத் தொட்டிக்கு ஓர் ஏஞ்சல் மீனைத் தெரிவு செய்தல். மனைவி சிவகாமி இசைந்துவிட்டாள், ஒரே நிபந்தனையுடன். நடுவில் இருக்கும் மூளைப் பவளம் அவளுடையது. என் பராமரிப்பில் இரண்டு இறந்தபின் பொறுப்பேற்று, மூன்றாண்டுகளாக உயிரோடு வைத்திருக்கிறாள்.

"அதிலை ஒரு கடி விழுந்தாலும் மீன் வெளியிலை. அப்பீல் கிடையாது."

பரிசீலனை:
எம்பரர் - அழகு, மறுப்பதற்கில்லை. ஒரு சாணுக்கு மேல் வளரும், பவளத்தைத் தின்னும். தள்ளுபடி.
கோரல் பியூட்டி - 'பவள அழகி' என்று பொருள். விரல் நீளம். நீலமும் செம்மஞ்சளும். 'கவனம் தேவை' என்கிறது மீன் வளர்ப்புப் புத்தகம். எதில் என்று சொல்லவில்லை.
ஸ்வாலோடெயில் - நீரில் மிதந்து வரும் நுண்ணிரை மட்டுமே உணவு. குற்றச்சாட்டு ஏதும் இல்லை. ஆனால் வெள்ளையில் கறுப்புக் கோடுகள், சிறை உடுப்பைப் போல.

13.3.94, ஞாயிறு

கிள்ளான் நகரம், முனியாண்டியின் வண்ணமீன் கடை. கோரல் பியூட்டியைக் கண்டதும் பாதி முடிவாகிவிட்டது. எனினும் முறைப்படி விசாரித்தேன்: பவளத்தைச் சாப்பிடுமா?

"ச்சே, சாப்பிடாது லா பாஸ். பேரே கோரல் பியூட்டி. கோரலோட இருந்தாத்தான் அதுக்கு பியூட்டி!"

ஐயத்திற்கு இடமில்லாத பதில். வாங்கினேன். மாலைக்குள் தொட்டியில். மிகச் சரியான தேர்வு.

கார் பிரேக்கில் சத்தம். கவனிக்க.

17.3.94, வியாழன்

மூளைப் பவளம் மூன்று நாளாக விரியவில்லை. மீன் அதன் ஓரத்தைக் கொத்துவதை இன்று நானே கண்டேன். ஆறு முறை. சிவகாமி பின்னால் நின்றிருந்தாள்.

"கடைக்காரனிட்டை சாப்பிடுமோ எண்டு கேட்டனீங்களோ, கடிக்குமோ எண்டு கேட்டனீங்களோ?"

சாப்பிடுமா என்றுதான்.

"முப்பது வருசமாச் சாட்சியளைக் குறுக்கு விசாரணை செய்யிறீங்கள். ஒரு மீன்கடைக்காரன் வழுக்கிக்கொண்டு போயிட்டான்."

என் தவறு. பெயரையே சாட்சியமாக ஏற்றுக்கொண்டேன்.

20.3.94, ஞாயிறு

மீனைப் பிடிக்க இரண்டு நாள். வலைக்குச் சிக்காமல் பாறை இடுக்குகளில் ஒளிந்தது. பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு. இன்று காலை நுழைந்துவிட்டது.

மீண்டும் கிள்ளான். முனியாண்டி சிரித்தார். "கொத்தும் லா பாஸ், சும்மா ருசி பாக்கும். அத நீங்க கேக்கலியே!"

இம்முறை கேட்டேன்: சாப்பிடுமா, கடிக்குமா, கொத்துமா, உரசுமா, ருசி பார்க்குமா?

"ஐயோ பாஸ், எனக்குப் பொண்ணு பாக்கும்போதுகூட இத்தனை கேள்வி கேக்கல!"

ஸ்வாலோடெயில் என் கண்முன் இரை தின்றது. கடைத் தொட்டியிலிருந்த பவளத்தின் அருகில் அரைமணி நேரம் விட்டுப் பார்த்தேன். மேலேயே நீந்தியது. மாற்றிக்கொண்டேன்.

26.3.94, சனி

வெயில். புதிய மீன் ஆறு நாளில் பவளத்தை ஒரு முறையும் நெருங்கவில்லை. பவளம் நேற்று பாதி விரிந்தது. இன்று முழுமையாக, கடித்த ஓரம் நீங்கலாக. அங்கே வெள்ளையாக ஒரு தழும்பு. சிவகாமி நீண்ட நேரம் குனிந்து பார்த்தாள்.

"இது கடிக்காதோ?"

கடிக்காது என்றேன்.

"எழுதித் தாங்கோ."

எழுதிக் கையெழுத்திட்டேன். 'ஆயினும்' என்று தொடங்கிய இரண்டாம் வரியை அவளே பேனாவை வாங்கி அடித்துவிட்டாள்.